எழுபது எழுத்து

அண்ணன் முதலில் குறை சொன்னது என்னைத்தான்.

அந்த மழைக்காலத்தில் ஓர் இருமல் மருந்துத் தாளுக்கு மூன்று முறை அச்சுப் பிளேட் போட்டேன். மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருப்பார்களே, பொடி எழுத்தில், யாரும் பிரித்துப் படிக்காத தாள், அதுதான் எங்கள் அச்சகத்தின் பிழைப்பு. மூன்று முறையும் புரூஃப் திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் 'ஏழாவது வரி வளைந்திருக்கிறது' என்று எழுதியிருந்தார். நான் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். வரி நேராகத்தான் இருந்தது. ஈரக்காற்றுக்குத் தாள் இழுத்திருக்கும் என்று வேறு தாள்கட்டைப் பிரித்து அடித்துக் கொடுத்தேன். அதுவும் திரும்பி வந்தது. இப்போது ஏழாவதோடு எட்டாவதும் வளைந்திருந்தது.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அவர் குடியிருப்பது கீழ்வீடு, நான் மாடி. சாயங்காலம் ஸ்கேலையும் தாளையும் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனேன்.

"எங்கண்ணே வளைஞ்சிருக்கு? காட்டுங்க."

"உனக்குக் கண்ணு தெரியலையா? இதோ பாரு, நடுவுல பள்ளத்துல இறங்கி ஏறுது."

"ஸ்கேலை வெச்சுப் பாருங்க."

வைத்துப் பார்த்தார். ஸ்கேலைத் திருப்பி வைத்தும் பார்த்தார். பிறகு, "ஸ்கேலும் வளைஞ்சிருக்கு" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். பக்கத்தில் நின்ற அவர் மனைவி அக்காவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டு, "அந்தக் கதவு நிலை எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"அதுவும்தான். வீடு ஒரு பக்கமா இறங்குது போல."

அக்கா தன் உள்ளங்கையால் அவருடைய இடது கண்ணை மூடினாள். "இப்ப?"

"நேரா இருக்கு" என்றார் அண்ணன். அவர் குரல் சின்னதாகிவிட்டது.

ஒருவரை அண்ணன் என்றும் அவர் மனைவியை அக்கா என்றும் கூப்பிடுகிறாயே, அப்படியானால் அவர்களுக்குள் என்ன முறை என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் என்னைக் கேலி செய்வார்கள். நான் என்ன செய்ய, இரண்டு பேரையும் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே தனித்தனியாகத் தெரியும். அவர் பிழை திருத்துகிறவர். அவள் அவருக்கு எதிரே உட்கார்ந்து மூலத்தைச் சத்தமாக வாசிக்கிறவள். முதுகு வளைந்து தலை முன்னால் நீண்டிருப்பதால் அச்சகத்தில் அவருக்குக் கமா என்று பெயர். அக்காவுக்கு முற்றுப்புள்ளி. அவள் பேசி முடித்த பிறகு பேசுகிற தைரியம் முதலாளிக்கே கிடையாது.

இருபத்திரண்டு வருஷமாக ஒரே மேஜை, எதிரெதிர் நாற்காலி. முதலில் அச்சகத்தில், பிறகு வீட்டு ஜன்னலோரம். அக்கா வாசிக்கிறதைக் கேட்டால் தெரியாதவர்களுக்குச் சிரிப்பு வரும். "பெரியவர்களுக்கு, கமா, ஒரு வேளைக்குப் பத்து மில்லி, கமா, உணவுக்குப் பின்" என்று குறிகளையும் சேர்த்தே வாசிப்பாள். புள்ளி வந்தால் மட்டும் வாயால் சொல்லமாட்டாள். பென்சிலால் மேஜையில் ஒரு தட்டு. அவர் அச்சில் அந்தப் புள்ளியைப் பார்த்து "ம்" என்பார். தட்டு, ம், தட்டு, ம். மாடியில் இருக்கும் எங்களுக்கு அது பழகிப்போய், அந்தச் சத்தம் இல்லாவிட்டால்தான் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்ப்போம்.

சண்டையும் அதே பாஷையில்தான், அப்போது மட்டும் புள்ளியையும் வாயாலேயே சொல்வாள். "எனக்கு ஒண்ணும் கோபம் இல்லை, புள்ளி. சாப்பாடு மூடி வெச்சிருக்கேன், கமா, வேணும்னா சாப்பிடுங்க, புள்ளி."

இடது கண் போனது போனதுதான். விழித்திரையின் நடுவில், நாம் எதைப் பார்க்கிறோமோ அது வந்து விழுகிற இடத்திலேயே, வேண்டாத ரத்தக்குழாய் முளைத்து நீர் கசிந்து தழும்பாகிவிட்டது என்று டாக்டர் சொன்னார். மூன்று மாதம் முன்னால் வந்திருந்தால் ஊசி போட்டுப் பார்த்திருக்கலாமாம். அந்த மூன்று மாதமும் அவர் என் பிளேட்டைத் திட்டிக்கொண்டிருந்தார்.

வலது கண்ணை நாங்கள் விடவில்லை. நான் சின்னச் சின்னக் கட்டம் போட்ட தாள் ஒன்றை அச்சடித்துக் கொடுத்தேன். என் கையால் பிழையே இல்லாமல் வந்த அச்சு அதுதான், அதில் எழுத்தே இல்லையே. அக்கா அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி, தினமும் டீக்கு முன்னால் அவரை நிறுத்தி ஒற்றைக் கண்ணால் பார்க்கச் சொன்னாள். தெருவில் யாருக்கு விஷயம் தெரிந்தாலும் கேரட் வந்தது. கேரட்டாகவே வந்தது. என் வீட்டுக்காரியும் தன் பங்குக்கு ஒரு பை. "இந்த வீட்ல இனி முயல்தான் குடியிருக்கணும்" என்றார் அண்ணன்.

ஒன்றரை வருஷம் கழித்து ஒரு காலையில் கட்டம் லேசாக நெளிந்தது. டீயைக்கூடக் குடிக்கவிடாமல் அக்கா அவரைக் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். தாமதமே இல்லை, ரொம்ப நல்லது என்றார் டாக்டரம்மா. சின்ன வயசு, வேகமாகப் பேசுகிறவர். முதல் மூன்று மாதம் மூன்று ஊசி. நீர் வற்றியது, கோடு நேரானது. அதற்குப் பிறகுதான் ஆராய்ச்சி விஷயத்தைச் சொன்னார்.

"மாசாமாசம் கண்ணுல ஊசி போட்டா பாதுகாப்புதான். ஆனா எல்லாருக்கும் அத்தனை ஊசி தேவையான்னு யாருக்கும் சரியாத் தெரியலை. ஸ்கேன்ல கொஞ்சம் நீர் இருந்தாலும் பார்வை குறையலைன்னா ஊசியைத் தள்ளிப் போடலாமான்னு பார்க்கிறோம். குலுக்கல்ல பாதிப் பேருக்கு ஒரு துளி நீர் இருந்தாலும் ஊசி. மீதிப் பேருக்கு பலகையில படிக்கிற எழுத்து குறைஞ்சாதான் ஊசி. நீர் ரொம்ப ஏறிட்டா ரெண்டு பக்கமும் ஊசிதான். இஷ்டமிருந்தா சேரலாம், எப்ப வேணும்னாலும் விலகிக்கலாம்."

ஒப்புதல் படிவம் ஒன்பது பக்கம். அண்ணன் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து அக்காவை எதிரே உட்காரவைத்து மூன்று நாள் படித்தார். கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தபோது அதில் பதினான்கு சிவப்புத் திருத்தம் இருந்தது. 'விலகிக்கொள்ளலாம்' என்பதை 'விளகிக்கொள்ளலாம்' என்று அடித்திருந்தார்களாம். டாக்டரம்மா சிரித்துவிட்டு, அதை மேலிடத்தில் காட்டி ஒப்புதல் வாங்கிப் படிவத்தையே திருத்தி அச்சடித்தார். அன்றிலிருந்து அந்த ஆராய்ச்சி பாதி தன்னுடையது என்று அண்ணனுக்கு ஓர் எண்ணம் வந்துவிட்டது. எங்கள் அச்சகத்தில் ஒரு புத்தகம் அடித்தால் எப்படிப் பேசுவாரோ அப்படிப் பேசினார். "நம்ம ஆராய்ச்சி நல்லாப் போகுது" என்பார்.

குலுக்கலில் அவர் விழுந்தது எழுத்து குறைந்தால் ஊசி என்ற பக்கம். மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. விளக்குப் போட்ட வெள்ளைப் பலகை, வரிக்கு ஐந்து இங்கிலீஷ் எழுத்து, போகப்போகப் பொடியாகும். முதல் மாதம் எழுபது எழுத்து படித்தார். இரண்டாவது மாதம் எழுபது. மூன்றாவது மாதமும் எழுபது. ஊசியே வேண்டியிருக்கவில்லை. வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். அண்ணன் கேரட்டை நிறுத்தினார்.

அந்த மூன்றாவது செவ்வாய்க்கிழமைக்குப் பிறகுதான் குழந்தைகளுக்கான காய்ச்சல் மருந்துத் தாள் வந்தது.

புரூஃப் திரும்பி என் மேஜைக்கு வந்துவிட்டது. கீழே அவருடைய கையெழுத்து, ஒரு திருத்தமும் இல்லை. நான் எழுத்தைப் படிக்கிற ஆளில்லை. கறை, கீறல் இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன். பார்த்துக்கொண்டு போகையில் ஓரிடத்தில் கண் நின்றது. 'ஒரு வேளைக்கு 25 மில்லி.' அதே மருந்தை என் பிள்ளைகளுக்கு நானே ஊற்றிக் கொடுத்திருக்கிறேன், சின்ன ஸ்பூனில் பாதி. மூலத்தை எடுத்துப் பார்த்தேன். 2.5 என்று இருந்தது.

யாரிடமும் சொல்லாமல் திருத்திவிட்டு, அண்ணன் ரொட்டி வாங்கப் போகிற நேரம் பார்த்து அக்காவிடம் போனேன். அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தாளை வைத்துக் காட்டினேன். கத்தியைக் கீழே வைத்தாள்.

"நான் தட்டினேனே" என்றாள்.

"தட்டியிருப்பீங்கக்கா."

"தட்டினேன். அவரு 'ம்'னாரு."

"தட்டினது காதுல விழுந்திருக்கு. கண்ணுல விழலை."

அவள் தாளை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். "இது குழந்தைக்குக் குடுக்கிற மருந்து."

"நான் திருத்திட்டேன்க்கா. முதலாளிக்குத் தெரியாது."

"முதலாளி கிடக்கிறாரு. ஆஸ்பத்திரியில எழுபது எழுத்து படிக்கிற கண்ணுக்கு இந்த இடம் வெறுமையா இருக்கிறது தெரியாதா?"

"புள்ளி சின்னதாச்சேக்கா. வயசாகுதில்ல."

"நீ சும்மா இரு. சின்னப் புள்ளியைப் பிடிக்கிறதுதான் அவருக்கு வேலையே." அவரைக்காயை மறுபடி எடுத்து, நறுக்காமலே கையில் வைத்துக்கொண்டிருந்தாள். "அவர்கிட்ட இதைக் காட்டாதே. கட்டத்தாளைப் பார்த்து என்ன சொல்றாருன்னு நாளைக்குக் கேக்கறேன்."

மறுநாள் காலை கேட்டாளாம். "எல்லாம் நேரா இருக்கு" என்று சொல்லிவிட்டு டீயைக் கையில் எடுத்தாராம். கட்டத்தாள் அன்று ஃபிரிட்ஜ் கதவில் இல்லை. அக்கா முந்தின ராத்திரியே கழற்றி வைத்துவிட்டாள். அந்த இடத்தில் பால்காரனுடைய காலண்டர்தான் இருந்தது. இதை என்னிடம் சொல்லும்போது அவள் அழவில்லை. ஆனால் மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

அடுத்து வந்த பரிசோதனைச் செவ்வாய்க்கிழமை நான் லீவு போட்டுவிட்டு அச்சக வேனில் இருவரையும் கூட்டிப் போனேன். மழை விட்டபாடில்லை. ஆஸ்பத்திரி நடையில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டவர்கள் வரிசையாகக் கூரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். அண்ணனை உள்ளே கூப்பிட்டார்கள். எழுத்துப் பலகை அறையின் கதவு ஈரத்தில் உப்பிப்போய் முழுசாகச் சாத்த வரவில்லை, ஒரு விரல் சந்து இருந்தது. அக்கா அதற்குப் பக்கத்து நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தாள். நான் கேன்டீனில் டீயும் பன்னும் வாங்கிவந்து கொடுத்தேன்.

உள்ளே அண்ணன் தொடங்கினார். "ஹெச், வி, இசட், டி, எஸ். என், ஸி, வி, கே, டி. ஸி, ஓ, ஆர், ஹெச், கே..."

தெளிவான குரல். எனக்கு நிம்மதியாக இருந்தது. "பாருங்கக்கா, நல்லாத்தானே படிக்கிறாரு" என்றேன்.

அக்கா பன்னைக் கடிக்கவில்லை. "ஓடுறாரு" என்றாள்.

"என்னது?"

"இத்தனை வருஷமா எதிர்ல உட்கார்ந்து இவரு 'ம்' சொல்றதைக் கேட்டுட்டு இருக்கேன். ஓவும் ஸியும் பக்கத்துல வந்தா ஒரு மூச்சு நிப்பாரு. நல்ல கண்ணோட இருந்தப்பவே நிப்பாரு. ஒரு தரம் உறுதி பண்ணிக்காம தாண்டினதே இல்லை. இப்ப எங்கேயுமே நிக்கலை."

டீயையும் பன்னையும் என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்க் கதவைத் தள்ளினாள். அது ஒரு முனகலோடு திறந்தது.

"பாப்பா, கொஞ்சம் நிறுத்து. அவரு படிக்கலை. ஒப்பிக்கிறாரு."

பலகைக்குப் பக்கத்தில் நின்ற பெண் திகைத்துப்போனாள். "அம்மா, நீங்க உள்ளே வரக்கூடாது."

"வரலைம்மா. வாசல்லதான் நிக்கிறேன். இந்தப் பலகையை எடுத்துட்டு வேற வை."

"நீ வெளியில இரு" என்றார் அண்ணன், திரும்பாமல்.

"வெளியிலதான் இருக்கேன், புள்ளி."

அந்தப் பெண் அண்ணன் முகத்தைப் பார்த்தாள். "ஐயா, வேற பலகை வைக்கட்டுமா?"

அவர் இடது கண்ணை மறைத்திருந்த வில்லையைத் தொட்டுச் சரிசெய்துகொண்டார். பிறகு, "வைம்மா" என்றார்.

வேறு பலகை வந்தது. மேல் வரிகளைப் படித்தார். நடுவில் குரல் நின்றது. மறுபடி வந்தது, மறுபடி நின்றது. "ஓ. இல்லை, ஸி. இல்லை, இரு... டி." அப்புறம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அந்த ஆளை இருபத்தைந்து வருஷமாகத் தெரியும் எனக்கு, எழுத்துக்கு முன்னால் அவர் திணறி நான் கேட்டதில்லை. எழுந்து போய்விடலாமா என்று இருந்தது.

ஐம்பத்துநான்கு எழுத்து.

டாக்டரம்மா ஸ்கேன் படத்தைத் திருப்பிக் காட்டினார். அடுக்கடுக்கான கோட்டுக்கு நடுவில் கறுப்பாக ஒரு பை. "போன மாசம் இது இதில பாதிதான். நீங்க எழுபது படிச்சீங்க, அதனால காத்திருந்தோம். இன்னைக்கும் எழுபதுன்னு வந்திருந்தா இன்னும் ஒரு மாசம் விட்டிருப்போம். அதுக்குள்ள தழும்பு விழுந்திருந்தா இடது கண்ணு மாதிரிதான்."

அக்கா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் தலையைக் குனிந்து கமாவிலும் கமாவாக உட்கார்ந்திருந்தார்.

"நான் உட்கார்ந்து மனப்பாடம் பண்ணலைம்மா" என்றார். "பொழப்பு அப்படி. ஒரு தடவை பார்த்த வரி தானா ஏறிடும். போன தடவைக்கு முந்தின தடவை, தெரியாத எழுத்தையும் தெரிஞ்சதா நினைச்சேதான் சொன்னேன். எங்க வேலையில பெரிய ஆபத்தே அதுதான். தாள்ல இருக்கிறதை விட்டுட்டு, இருக்க வேண்டியதைப் படிச்சிடறது. புதுசா வர்றவங்களுக்கெல்லாம் நான்தான் அதைச் சொல்லித் திட்டுவேன்."

"போன தடவை?" என்று கேட்டாள் அக்கா.

அவர் அவளைப் பார்த்தார். "போன தடவை தெரிஞ்சேதான்."

"ஏன்?"

"எழுபதுன்னு எழுதும்போது அந்தப் பலகைப் பொண்ணு ஒரு சிரிப்பு சிரிக்கும். இந்த டாக்டரம்மாவும் வந்து கை குடுத்தாங்க. நம்ம ஆராய்ச்சி நல்லா வரணுமேன்னு இருந்தது. பயமாவும் இருந்தது. இந்தக் கண்ணும் போனா உன் எதிர்ல உட்கார்ந்து நான் என்ன செய்வேன்?"

அக்கா பையிலிருந்து காய்ச்சல் மருந்துத் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "இதுல ஒரு புள்ளி விட்டுப்போச்சு. குழந்தைக்கு ரெண்டரை மில்லி, இருபத்தஞ்சா ஆயிடுச்சு. நான் தட்டினேன். நீங்க 'ம்'னீங்க."

அவர் தாளை மூக்குவரை கொண்டுபோய்த் தேடினார். அந்த இடத்தைக் கண்டுபிடிக்கவே நேரமானது. கண்டுபிடித்த பிறகு அங்கேயே விரலை வைத்துக்கொண்டிருந்தார்.

"வெளியே போயிடுச்சா?" என்று என்னைக் கேட்டார்.

"இல்லைண்ணே. அச்சு ஏறுறதுக்கு முன்னாலயே பிடிச்சிட்டேன்."

என் கையைப் பிடித்து அழுத்தினார். கை ஈரமாக இருந்தது.

டாக்டரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "எங்க பக்கமும் தப்பு இருக்கு. மாசாமாசம் ஒரே பலகையை வெச்சிருக்கோம். இவரை மாதிரி ஒருத்தர் வருவாருன்னு நினைக்கலை" என்றார். "இன்னைக்கே ஊசி போட்டுடலாம். போன எழுத்து அத்தனையும் திரும்பும்னு வாக்குக் குடுக்க முடியாது. பார்ப்போம்."

"அந்தப் பழைய எழுபதெல்லாம்?"

"அழிக்க முடியாதுங்க. பக்கத்துல ஒரு குறிப்பு எழுதி வைப்போம்."

அங்கேயே இரண்டு வரி எழுதினார். அண்ணன் சரிபார்க்க வேண்டும் என்றார். பெரிய எழுத்தில் எழுதி நீட்டினார்கள். 'நோயாளி தாம் அறியாமலே பலகையை நினைவிலிருந்து வாசித்திருக்கிறார்' என்று இருந்தது. அண்ணன் பேனாவை வாங்கி 'அறியாமலே' என்பதற்கு மேல் ஒரு கோடு இழுத்து, ஓரத்தில் எழுதினார்: 'முதல் முறை அறியாமல். அடுத்த முறை அறிந்தே.' கீழே கையெழுத்துப் போட்டார். அறிந்தே என்பது வரியை விட்டுக் கீழே இறங்கியிருந்தது.

ஊசி போட ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. மரத்துப்போக சொட்டு மருந்து விட்டு, இமையை விலக்கி நிறுத்தி, "மேல பாருங்க" என்பார்கள். ஓர் அழுத்தம், அவ்வளவுதான் என்று அண்ணன் சொல்லுவார். வேனில் வரும்போது கறுப்புக் குமிழி மிதக்கிறது என்றார். "முற்றுப்புள்ளி மாதிரியா?" என்று கேட்டேன். "ஆமா. பக்கத்துலயும் ஒண்ணு உட்கார்ந்திருக்கு" என்றார். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள்.

அடுத்த வாரம் மேஜையில் இடம் மாறிக்கொண்டார்கள். மூலத்தைக் கம்ப்யூட்டர் திரையில் பெரிது பெரிதாக வைத்து அண்ணன் வாசித்தார். அச்சுத் தாளை அக்கா பார்த்தாள். முதல் நாள் ஒரே ரகளை.

"மேஜையை உடைச்சிடாதீங்க. புள்ளிக்குத் தட்டச் சொன்னா ஆணி அடிக்கிறீங்க."

"உனக்குக் கேக்கணுமே."

"எனக்குக் கண்ணும் காதும் நல்லாத்தான் இருக்கு. மெதுவா."

மாடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம். தட்டு கொஞ்சம் பலமாக இருந்தது, 'ம்' பெண் குரலில் வந்தது. என் வீட்டுக்காரி, "இப்பதான் வீடு வீடா இருக்கு" என்றாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

இன்னும் இரண்டு ஊசி ஆனது. போன செவ்வாய்க்கிழமை மறுபடி வேனை எடுத்தேன். மழைக்காலம் முடிந்தும் அந்தக் கதவு இன்னும் சாத்த வரவில்லை. அக்கா அதே நாற்காலி, கையில் பன். இப்போதெல்லாம் மாதம் ஒரு பலகை மாற்றுகிறார்கள்.

உள்ளே அண்ணன் மெல்லப் போனார். ஓவுக்கு முன்னால் நின்றார், தாண்டினார். ஹெச்சுக்கும் என்னுக்கும் நின்றார். அக்கா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஓரிடத்தில் நின்றவர் நின்றேவிட்டார்.

"இது ஸியா ஓவான்னு சொல்ல முடியலைம்மா. கேள்விக்குறி போட்டுக்கோ."

"கேள்விக்குறி போட இதுல இடமில்லை ஐயா. தோணுறதைச் சொல்லுங்க, ஊகிக்கலாம்னு விதியிலேயே இருக்கு."

"ஊகிச்சதாலதானேம்மா அத்தனை வம்பும். தெரியலைன்னு எழுதிக்கோ."

அந்தப் பெண் சிரிக்கிற சத்தம் கேட்டது. அறுபத்துமூன்று என்று சொல்லி எழுதிக்கொண்டாள்.

வெளியே அக்கா கண்ணைத் திறந்தாள். நாற்காலிக் கையில் விரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பன்னைக் கடித்தாள்.